பம்ப்பைக் கழற்றாமல் பழுதைக் கண்டுபிடித்த பட்டறை: காங்கயத்தில் ஓர் ஆட்டோ எலெக்ட்ரீஷியன்

காங்கயத்திலிருந்து சென்னிமலை செல்லும் சாலையில், ஊர் எல்லையைத் தாண்டியதும், தகரக் கூரை போட்ட ஓர் ஆட்டோ எலெக்ட்ரிகல் பட்டறை இருக்கிறது. பெயர்ப் பலகை மழையில் வெளுத்துவிட்டதால் புதிதாக வருகிறவர்கள் வாசலில் நிற்கும் வேப்பமரத்தைத்தான் அடையாளம் கேட்டு வர வேண்டியிருக்கும். மூன்று மாதங்களில் மூன்று இடங்களில் காட்டியும் தீராத ஒரு பழுதை இந்தப் பட்டறையில் ஒன்றரை நாளில் கண்டுபிடித்தார்கள். அந்த வேலை எப்படி நடந்தது என்பதை விரிவாக எழுதினால், பழைய பெட்ரோல் பிக்கப் வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படும் என்று நினைக்கிறேன்.

எங்கள் வண்டி 2018 இறுதியில் பதிவான, பி.எஸ்.-4 என்ற புகை விதிகள் இருந்த காலத்துச் சிறிய பெட்ரோல் பிக்கப். தாராபுரம் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து தேங்காய் ஏற்றிக் காங்கயத்தில் உள்ள கொப்பரைக் களங்களுக்குக் கொண்டுவருவதுதான் அதன் அன்றாட வேலை. ஓடிய தூரம் ஒன்றரை லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. சென்ற ஆண்டு கோடையில் அதற்கு ஒரு திணறல் வந்தது. காலியாகப் போகும்போது ஒரு குறையும் தெரியாது; பாரம் ஏற்றி, நடுப்பகல் வெயிலில் ஊதியூரைத் தாண்டி மேடு ஏறும்போது மட்டும் இழுவை குறைந்து, இரண்டு மூன்று முறை குலுங்கி, நின்றுவிடும். பத்து நிமிடம் கழித்துச் செல்ஃப் அடித்தால் எதுவுமே நடக்காததுபோல் மறுபடியும் ஓடும். பாதி வழியில் நிற்கும் வண்டியைக் காட்டிலும், பட்டறைக்குக் கொண்டுபோனதும் நன்றாக ஓடிக் காட்டும் வண்டிதான் மனிதனை அதிகம் சோர்வடைய வைக்கிறது.

முதலில் காட்டிய இடத்தில் டேங்க்கை இறக்கி, பம்ப் மோட்டாரை மட்டும் 1,900 ரூபாய்க்கு மாற்றினார்கள். இருபது நாள் நன்றாக ஓடியது. மீண்டும் நின்றபோது இரண்டாவது இடத்தில், போட்டது போலி மோட்டார் என்று சொல்லி, முழு பம்ப் தொகுப்பையே 7,200 ரூபாய்க்கு மாற்றினார்கள். அதுவும் ஒரு மாதம்தான் தாங்கியது. மூன்றாவது இடத்தில் ஸ்கேனர் மாட்டியபோது பி0171 என்ற குறியீடு வந்தது. காற்றின் அளவுக்கு ஏற்ற பெட்ரோல் என்ஜினுக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் அந்தக் குறியீட்டின் பொருள். ஏன் கிடைக்கவில்லை என்பதை அது சொல்லாது. அங்கே ஆக்சிஜன் சென்சாரை 3,600 ரூபாய்க்கு மாற்றினார்கள். கூலியும் சேர்ந்து கிட்டத்தட்ட 16,000 ரூபாய் கரைந்தது. இதற்கிடையில், பெட்ரோலில் எத்தனால் கலப்பு கூடியதுதான் காரணம் என்று பங்க்கில் நின்றவர்கள் ஆளுக்கொரு விளக்கம் தந்தார்கள். அவர்களில் யாரையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் மூன்று பட்டறைகளிலும் ஒரு பொருளைச் சந்தேகித்து அதை மாற்றிப் பார்த்தார்களே தவிர, சந்தேகித்த பொருளை அளந்து பார்க்கவில்லை.

நான்காவதாகத்தான் இங்கே வந்தேன். பட்டறைக்காரருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். வண்டியின் அருகில்கூட வராமல் முதலில் உட்கார வைத்து, எப்போதெல்லாம் நிற்கிறது, என்னென்ன மாற்றினீர்கள், இவற்றுக்கு முன் வண்டியில் வேறு என்ன வேலை நடந்தது என்று வரிசையாகக் கேட்டார். பிறகு, நான் எதிர்பார்க்காத ஒரு கேள்வி வந்தது.

"ஏனுங்க தம்பி, வண்டி ஓடறப்போ பெட்ரோல் முள்ளு கொஞ்சம் கீழ எறங்கிக் காட்டுதுங்களா?"

காட்டியது. ஓடும்போது ஒரு கோடு குறைவாகவும், என்ஜினை நிறுத்திச் சாவியை மட்டும் போட்டு வைத்தால் சரியாகவும் காட்டும். அதை முள்ளின் கோளாறு என்று எண்ணி நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. எங்கள் வண்டியில் டேங்க்குக்குள் இருக்கும் பம்ப்புக்கும் பெட்ரோல் அளவு காட்டும் மிதவைக்கும் எர்த் வயர் ஒன்றே. அந்த எர்த் பலவீனமாக இருந்தால், பம்ப் இழுக்கும் மின்சாரம் திரும்பிப் போக வழியின்றி முட்டி நிற்கும் இடத்தில் ஓரளவு வோல்ட் தேங்கிவிடும். அந்த வோல்ட் மிதவையின் கணக்கில் சேர்ந்து முள்ளைத் தவறாகக் காட்ட வைக்கும். பம்ப் நின்றால் தேக்கமும் மறையும், முள்ளும் திருந்தும். ஒரு கருவியும் தொடாமல், கேள்வி ஒன்றிலேயே பாதிப் பழுதை அவர் நெருங்கிவிட்டார் என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

அன்று அவர் வண்டியை ஏற்றுக்கொள்ளவில்லை. பாரத்தில் நிற்கிற வண்டியைப் பாரத்தோடுதான் பார்க்க வேண்டும், டேங்க்கும் பாதிக்கு மேல் நிறைந்திருக்க வேண்டும் என்று திருப்பி அனுப்பினார். அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது. மறுநாள் தேங்காய் ஏற்றியபடியே காலை பத்து மணிக்கு வந்தேன். பம்ப்பைக் குளிர வைப்பது அதைச் சூழ்ந்திருக்கும் பெட்ரோல்தான் என்பதால், டேங்க் வற்றிய நிலையில் சோதித்தால் பம்ப்புக்கும் கெடுதல், அளவுகளும் குழம்பும் என்று காரணத்தையும் விளக்கினார்.

இந்த வகை வண்டிகளில் சாவியைப் போட்டதும் என்ஜினின் கணினி, பம்ப்புக்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் ரிலே என்ற சுவிட்சை இயக்கி, பம்ப்பைச் சுமார் இரண்டு நொடி ஓட விட்டு நிறுத்தும். என்ஜின் சுழல்கிறது என்ற செய்தி கிராங்க் சென்சாரிலிருந்து வந்தால்தான் பம்ப் தொடர்ந்து ஓடும். அந்த இரண்டு நொடி முனகலைப் பின்சக்கரத்தின் அருகே குனிந்து காது கொடுத்துக் கேட்டார். சத்தம் வந்தது, ஆனால் மந்தமாக இருந்தது. ஃபியூஸைப் பார்த்தார், நன்றாக இருந்தது. அதற்குப் பிறகு செய்த சோதனைதான் இந்த மதிப்புரையை எழுத வைத்தது.

முன்னர் பார்த்தவர்களில் ஒருவர், டேங்க்குக்குப் போகும் வயர்களை இணைக்கும் கப்ளரைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்து, 12.4 வோல்ட் வருகிறது, கரண்ட் சரியாக இருக்கிறது, ஆகவே பம்ப்தான் கெட்டது என்று தீர்த்துவிட்டார். இவரும் அதே கப்ளரில் அதே அளவை எனக்குக் காட்டினார்; மீட்டர் 12.4 என்றது. பிறகு அதே இரண்டு முனைகளுக்கு நடுவே ஒரு பழைய ஹெட்லைட் பல்பை இணைத்தார். 55 வாட் பல்பு ஏறத்தாழ நாலரை ஆம்பியர் இழுக்கும். பம்ப் இழுப்பதும் அந்த அளவுக்குத்தான். பல்பு வெள்ளையாக எரியாமல் மஞ்சளாக மங்கி நின்றது, மீட்டர் 9.2 வோல்ட்டுக்குச் சரிந்தது. மல்டிமீட்டர் தானாக இழுக்கும் மின்சாரம் மிகமிகக் குறைவு என்பதால், பத்து இழைகளில் ஒன்பது அறுந்து ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் வயரிலும் அது முழு வோல்ட்டைக் காட்டும். உண்மையான சுமை ஏறும்போதுதான் குறை வெளிவரும்.

கொங்கு நாட்டில் இதை யாருக்கும் நீட்டி விளக்கத் தேவையில்லை. எண்ணூறு அடி ஆழ்துளைக் கிணற்றில் சப்மெர்சிபிள் மோட்டார் இறக்குகிற எந்த விவசாயியும், ஆழத்துக்குத் தகுந்த தடிமனில் கேபிள் போடாவிட்டால் மேலே பெட்டியில் முழு வோல்ட் காட்டினாலும் கீழே மோட்டாருக்கு அது போய்ச் சேராது என்பதை அறிவார். தினமும் மோட்டாரைப் போடும் முன் ஸ்டார்ட்டர் பெட்டியில் வோல்ட் மீட்டரைப் பார்ப்பதும், போட்ட பிறகு முள் எவ்வளவு இறங்குகிறது என்று கவனிப்பதும் எங்கள் தந்தையார் காலத்திலிருந்தே வீட்டில் உள்ள பழக்கம். பம்ப்புக்குப் பெயர்போன கோயமுத்தூரின் பக்கத்திலேயே வாழ்ந்துகொண்டு, டேங்க்குக்குள் பெட்ரோலில் மூழ்கிக் கிடப்பதும் ஒரு சின்னச் சப்மெர்சிபிள்தான் என்று எனக்குத் தோன்றாமல் போனதை நினைத்து இன்றும் வருந்துகிறேன்.

அடுத்து, அந்த மூன்று வோல்ட் எங்கே தொலைகிறது என்பதைத் தேடினார். பல்பை எடுத்துவிட்டுப் பம்ப்பையே கப்ளரில் திரும்ப மாட்டினார். பம்ப்பைத் தொடர்ந்து ஓட வைக்கப் பலர் ரிலேவைப் பிடுங்கிவிட்டு, அதன் சாக்கெட்டில் மின்சாரம் வரும் 30ஆம் எண் முனையையும் பம்ப்புக்குப் போகும் 87ஆம் எண் முனையையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிடுவார்கள். இவர் அப்படிச் செய்யவில்லை; சாவியைப் போட்டு, ரிலேயின் காயில் முனைக்கு எர்த் கொடுத்து, ரிலே தானே பம்ப்பை ஓட்டும்படி செய்தார். நேரடியாக இணைத்தால் ரிலேயிலும் அதன் சாக்கெட்டிலும் உள்ள குறை அளவையில் சிக்காமல் நழுவிவிடும் என்பது அவர் சொன்ன காரணம். பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரியின் ப்ளஸ் முனையில் ஒரு கம்பியும் பம்ப்பின் ப்ளஸ் முனையில் மறு கம்பியுமாக மீட்டரை வைத்தபோது 0.8 வோல்ட் இழப்பு தெரிந்தது. பம்ப்பின் மைனஸ் முனைக்கும் பேட்டரியின் மைனஸ் முனைக்கும் நடுவே 2.3 வோல்ட். இரண்டும் சேர்த்து 3.1. பேட்டரியில் 12.4 இருந்தும் பம்ப்புக்குக் கிடைத்தது 9.3 மட்டுமே. நல்ல நிலையில் உள்ள வண்டியில் ப்ளஸ் பக்கம் அரை வோல்ட்டுக்கு மேலும், எர்த் பக்கம் 0.2 வோல்ட்டுக்கு மேலும் இழப்பு இருக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே ஒவ்வோர் அளவையும் ஒரு தாளில் எழுதினார்.

எர்த் வயரின் மறுமுனை, டேங்க்குக்குப் பின்னால் சேசிஸில் ஒரு போல்ட்டில் முடிகிறது. மீட்டரின் ஒரு கம்பியை அங்கே வயரின் நுனியில் உள்ள உலோக வளையமான லக்கிலும், மறு கம்பியைச் சுரண்டி வெளிப்படுத்திய சேசிஸ் இரும்பிலும் வைத்தார். ஒரு விரல் அகலம்கூட இல்லாத அந்த இடைவெளியில் 2.1 வோல்ட் நின்றது. போல்ட்டைக் கழற்றியபோது லக்குக்கு அடியில் பளபளப்பான சாம்பல் நிறப் பெயிண்ட் இருந்தது.

காரணம் அப்போதுதான் எனக்கும் விளங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு பின்தொட்டியின் தரை துருப்பிடித்துப் போனதால், தகடு மாற்றிப் புதிதாக வெல்டிங் செய்து, சேசிஸுக்கும் சேர்த்துப் பெயிண்ட் அடித்திருந்தோம். அங்கே எர்த் போல்ட்டைக் கழற்றிவிட்டுப் பெயிண்ட் காய்ந்த பிறகு அதன் மேலேயே மாட்டியிருக்கிறார்கள். பெயிண்ட் மின்சாரத்தைக் கடத்தாது. போல்ட்டின் மரைகள் வழியாக மட்டும் சில மாதங்கள் வண்டி சமாளித்திருக்கிறது. மழைத் தண்ணீரும், வாட்டர் சர்வீஸில் அடிக்கும் அழுத்தமான தண்ணீரும் இறங்கி மரைகளும் துருவேற, அந்த ஒற்றை வழியும் அடைபடத் தொடங்கியிருக்கிறது.

புதுப் பம்ப் மாட்டியதும் சில வாரம் நன்றாக ஓடியது ஏன் என்ற கேள்வி என்னைக் குடைந்துகொண்டே இருந்தது; கேட்டேன். டேங்க்கை இறக்கும்போதும் ஏற்றும்போதும் அந்த வயர் இழுபட்டு லக்கு கொஞ்சம் நகரும், துரு சற்று உரசி விலகும், மின்சாரத்துக்குத் தற்காலிகமாக வழி கிடைக்கும் என்றார். பம்ப்பை மாற்றியதால் கிடைத்த பலன் என்று நானும் அந்தப் பட்டறைக்காரர்களும் நம்பியது, உண்மையில் வயரை அசைத்ததால் கிடைத்த பலன். வெயிலிலும் பாரத்திலும் மட்டும் நின்றதற்கும் விளக்கம் இருந்தது. செம்பின் மின்தடை ஒவ்வொரு பத்து டிகிரி சூட்டுக்கும் ஏறத்தாழ நான்கு சதவீதம் கூடும். பெட்ரோலில் மூழ்கிய மோட்டாரின் சுருளுக்கும் இது பொருந்தும். துருவேறிய இணைப்போ சூட்டில் இன்னும் மோசமாகும், ஏனென்றால் 2.1 வோல்ட் இழப்பில் நான்கு ஆம்பியர் ஓடினால் எட்டு வாட்டுக்கு மேல் அந்த ஒரே இடத்தில் சூடாக மாறுகிறது. ஒன்பது வோல்ட்டில் பம்ப் மெதுவாகச் சுற்றினாலும் காலி வண்டிக்கு வேண்டிய பெட்ரோலைத் தந்துவிடும், மேட்டில் பாரத்தோடு ஏறும்போது கேட்கும் பெட்ரோலைத் தர அதனால் முடியாது.

ப்ளஸ் பக்கத்து 0.8 வோல்ட்டில் பெரும்பகுதி ரிலே சாக்கெட்டில் போயிருந்தது. ரிலேயைப் பிடுங்கியபோது 87ஆம் எண் முனையைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுப்பேறி, உள்ளே இருந்த பித்தளைப் பிடி தளர்ந்திருந்தது. ரிலே புதிதாக இருந்தாலும் சாக்கெட் தளர்ந்திருந்தால் பயனில்லை.

பழுது கிடைத்துவிட்டதே என்று அவர் நிறுத்தவில்லை. இரண்டாவதாக மாட்டிய பம்ப் இத்தனை நாள் குறைந்த வோல்ட்டில் ஓடியதால் அதற்குச் சேதம் வந்திருக்குமோ என்று பார்க்க, வயரின் மேல் ஒரு சிறிய கிளாம்ப்பை மாட்டிச் சிறு திரையில் மின்சாரத்தின் அலையைக் காட்டினார். மோட்டாருக்குள் பிரஷ் தொட்டுச் செல்லும் செம்புப் பட்டைகள் ஒவ்வொன்றுக்கும் திரையில் ஒரு சிறு மேடு வருகிறது; எங்கள் பம்ப்பில் எட்டுப் பட்டைகள். ஏதேனும் ஒரு பட்டை தேய்ந்திருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் ஆழமான பள்ளம் விழும். எட்டு மேடுகளும் ஒரே உயரத்தில் இருந்தன. டேங்க்கை இறக்காமல், ஒரு குழாயைக்கூடக் கழற்றாமல், டேங்க்குக்குள் இருக்கும் மோட்டாரின் உடல்நிலையைத் தெரிந்துகொள்ளலாம் என்பதை நான் அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். இதே சோதனையை முதல் இடத்தில் செய்திருந்தால் தொழிற்சாலையிலிருந்து வந்த அசல் பம்ப் இன்னும் வண்டியிலேயே இருந்திருக்கும்.

பழுது நீக்கும் வேலை எளிமையானதுதான். சேசிஸில் பெயிண்ட்டைச் சுரண்டிப் பளிச்சென்று இரும்பு தெரியும்வரை தேய்த்து, ஈயம் பூசிய புது லக்கைக் கிரிம்ப் செய்து சால்டரும் வைத்து, பற்கள் உள்ள வாஷரோடு புது போல்ட்டில் இறுக்கி, அதன் மேல் கிரீஸ் பூசினார். கிரீஸை இறுக்கிய பிறகே பூச வேண்டும் என்பதை உடன் இருந்த பையனிடம் இரண்டு முறை சொன்னார். ரிலே சாக்கெட்டை ஒரு சாண் வயரோடு மாற்றினார். மறுபடியும் அளந்தபோது ப்ளஸ் பக்கம் 0.2, எர்த் பக்கம் 0.1, பம்ப்புக்கு 12.1 வோல்ட் கிடைத்தது. பிறகு ஏற்றிய தேங்காயோடு, பிற்பகல் இரண்டு மணி வெயிலில், பையன் மீட்டரை மடியில் வைத்துக்கொண்டு அருகில் உட்கார, நானே ஊதியூர்வரை ஓட்டிப் போய்த் திரும்பினேன். பெட்ரோல் முள்ளும் சரியான இடத்தில் நின்றது.

மொத்தம் 2,650 ரூபாய் வாங்கினார். அதில் 1,500 பழுதைக் கண்டுபிடித்ததற்கு. சாமானும் மாற்றிய கூலியும் 1,150. பழுதைக் கண்டுபிடிப்பதற்கென்று தனியாகக் காசு கேட்பது நம் பக்கத்தில் பலருக்கு ஒப்பாது. எங்களுக்கு முன்னால் வந்த ஒருவர், பார்ப்பதற்கே காசா என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். நான் எண்ணிப் பார்த்தேன்: பார்ப்பதற்குக் காசு கேட்காத இடங்கள் மாற்றிய பொருள்களின் விலையில் அதை எடுத்துக்கொள்கின்றன, பொருளை மாற்றாவிட்டால் அவர்களுக்கு வருமானம் இல்லை. இவருக்கு அந்தக் கட்டாயம் இல்லாததால்தான் பம்ப் நன்றாக இருக்கிறது என்று தயங்காமல் சொல்ல முடிகிறது. அந்த 1,500 ரூபாயை நான் மனநிறைவோடு கொடுத்தேன்.

குறைகளும் உண்டு. போன் செய்து நாள் குறித்துக்கொள்ளாமல் போனால் வண்டியைத் தொடமாட்டார். ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான். பாதி வழியில் நின்றுவிட்ட அவசரத்துக்கு இந்த இடம் உதவாது. காத்திருக்கும் ஆளுக்கு வேப்பமர நிழலும் ஒரு பெஞ்சும் தவிர எந்த வசதியும் இல்லை, கழிப்பறை இல்லாதது பெண்களுக்கு உண்மையான சிரமம். அச்சிட்ட பில் கிடைக்காது. நிறுவனத்தின் பெயரில் வண்டி வைத்திருப்பவர்கள் இதை முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும். அதற்குப் பதிலாக அளவுகள் எழுதிய அந்தத் தாளைக் கையெழுத்திட்டுத் தருகிறார், எனக்கு அது பில்லைவிடப் பயன்பட்டது. புதிய வண்டிகளில் தனிக் கட்டுப்பாட்டுப் பெட்டி வைத்து, மின்சாரத்தை விட்டுவிட்டுச் செலுத்திப் பம்ப்பின் வேகத்தை மாற்றும் முறை வந்திருக்கிறது. அங்கே மல்டிமீட்டர் காட்டும் வோல்ட் சராசரிதான் என்பதால் இதே அளவுகள் பொருந்தாது. அத்தகைய வண்டிகளைத் தாம் எடுப்பதில்லை என்று அவரே வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார்.

இங்கே போகிறவர்கள் கடந்த இரண்டு ஆண்டுகளில் வண்டியில் நடந்த எல்லா வேலைகளையும், வெல்டிங், பெயிண்ட், கூடுதல் லைட், மியூசிக் சிஸ்டம் உட்பட, எழுதி எடுத்துப் போவது நல்லது. போவதற்கு முன்னால் கப்ளர்களைக் கழற்றிச் சுத்தம் செய்துவிடாதீர்கள். பழுது தற்காலிகமாக மறைந்து, அவருடைய நேரமும் உங்கள் பணமும் வீணாகும். டெஸ்ட் லேம்ப்பின் கூர்முனையால் வயரின் மேலுறையைக் குத்திப் பார்க்கும் பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். குத்திய துளை வழியாகத் தண்ணீர் இறங்கி உள்ளே செம்பு பச்சை பூத்துவிடும். எங்கள் வண்டியில் அப்படி முன்னர் யாரோ குத்திய இரண்டு இடங்களை அவர் தேடி எடுத்து, காசு வாங்காமலே அடைத்துக் கொடுத்தார்.

ஐப்பசி மழை முடிந்ததும் ஒருமுறை வந்து எர்த்தை மட்டும் அளந்துகொண்டு போகச் சொல்லியிருந்தார். கார்த்திகை முதல் வாரத்தில் போனேன். பம்ப்பை ஓட விட்டு அளந்தார், 0.1 வோல்ட். பழைய தாளின் கீழேயே தேதி போட்டு அதையும் எழுதிக் கொடுத்தார், அதற்குப் பணம் எதுவும் வாங்கவில்லை.